முதியோரும் வெளியே வரட்டும்

முதுமையில் ஒருவர் முதலில் இழப்பது எது? கண் பார்வை என்பார்கள் சிலர். காது, பல், முழங்கால் என்பார்கள் வேறு சிலர். வாழ்க்கைத் துணையை இழப்பதே எல்லாவற்றிலும் பெரியது என்பதும் உண்மைதான். ஆனால் பங்கில் வீடு சந்திப்புக்குச் செல்லும்போது நாம் காண்பது வேறொன்று. இவை எல்லாவற்றுக்கும் முன்பாகவே பல முதியவர்கள் தங்கள் வீட்டு வாசலை இழந்துவிடுகிறார்கள். வெளியே போய்வருவது நின்றுவிடுகிறது. அதை நிறுத்துவது எப்போதும் நோய் அல்ல. பெரும்பாலும் பிள்ளைகளின் அன்புதான் நிறுத்துகிறது.

"எதுக்கும்மா அலையிறீங்க? என்ன வேணும்னு சொல்லுங்க, நான் வாங்கிட்டு வர்றேன்."

"ரோட்டுல வண்டி எப்படி வருதுன்னு தெரியும்ல? பேசாம வீட்ல இருங்கப்பா."

"டி.வி.யிலயே பூசை வருது அத்தை. உக்கார்ந்து பாருங்க."

இந்த மூன்றும் நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் வார்த்தைகள். சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இவற்றைத் தினமும் கேட்கும் பெரியவர், 'இனி நம்மால் ஆகாது' என்று தாமே நம்பத் தொடங்குகிறார். செருப்பு வாசலில் கிடக்கிறது, காலில் ஏறுவதில்லை. இதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

மாறிவிட்ட நம் ஊர்

யானைமலையின் அடியில் இருக்கும் ஒத்தக்கடை, பெயரைக் கேட்டால் ஒரே ஒரு கடை இருந்த ஊர் போலத் தோன்றும். இன்று அப்படி யாரும் சொல்ல முடியாது. 1965-இல் வேளாண்மைக் கல்லூரி வந்தது. 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருகிலேயே திறக்கப்பட்டது. மேலூர் சாலை நான்குவழிச் சாலையாக விரிந்தது. பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைந்த வயல்கள் பல, கல் நட்ட வீட்டு மனைகளாகிவிட்டன.

இந்த வளர்ச்சியால் பலன் அடைந்தவர்கள் உண்டு. ஆனால் எழுபது, எண்பது வயதானவரின் கண்ணோடு இதைப் பார்க்க வேண்டும். காலையில் வயலைப் பார்க்கப் போனவருக்கு இப்போது வயல் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர், அந்தக் கடைக்குப் போக நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். பக்கத்துத் தெருத் தோழியைப் பார்க்கப் போன பாட்டிக்கு, இடையில் எழும்பிய புது வீடுகளில் யாரையும் தெரியாது. ஊரை விட்டு அவர்கள் எங்கும் போகவில்லை. ஊர்தான் அவர்களை விட்டுத் தள்ளிப் போய்விட்டது.

இது ஒத்தக்கடைக்கு மட்டும் உரியதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். 2021-இல் அது 13.6 விழுக்காடாக இருக்கும் என்று மத்திய அரசின் அறிக்கை கணித்தது. நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். வரும் ஆண்டுகளில் நம் ஆலய இருக்கைகளில் முதியவர்கள் இன்னும் கூடுவார்கள். அல்லது, நாம் கவனிக்காவிட்டால், அவர்கள் வீட்டுக் கட்டிலிலேயே இருந்துவிடுவார்கள்.

வீட்டுக்குள் ஓர் இடம்

வெளியே போவது நின்றதும் வீட்டுக்குள்ளும் ஒரு மாற்றம் வருகிறது. 'நீங்க உட்காருங்க' என்று சொல்லிச் சொல்லி, பெரியவர்களின் கையில் இருந்த வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிவிடுகிறோம். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது, மாலையில் செபமாலையைத் தொடங்கிவைப்பது எல்லாம் சின்ன வேலைகள்தான். ஆனால் அவற்றால்தான் அப்பத்தாவுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருந்தது. கீரையில் ஒரு பூச்சி தப்பியிருக்கலாம். அரிசியில் ஒரு கல் விடுபட்டிருக்கலாம். அதற்காக முறத்தையே பிடுங்கிக்கொள்வது சரியாகுமா?

இன்னொன்று பணம். கையில் காசே இல்லாமல் உட்கார்ந்திருப்பது வயதானவருக்கு மிகப் பெரிய தாழ்ச்சி. காணிக்கைத் தட்டில் போட, வீட்டுக்கு வந்த பேத்திக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்க, அவருக்கென்று சிறு தொகை வேண்டும். 'வேணும்னா கேளுங்க' என்பது போதாது. கேட்க மனம் வராது என்பதுதான் முதுமையின் கஷ்டமே.

வீட்டையே இழப்பவர்களும் இருக்கிறார்கள். நிலத்தின் விலை ஏறிய ஊர்களில், பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கியபின் அவர்களைக் கவனிக்காமல் விட்டுவிடும் நிலையையும் பார்க்கிறோம். இத்தகையோருக்காகவே 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில், தங்களைப் பராமரிக்கத் தொகை வேண்டும் என்று பெரியவர்களே மனு கொடுக்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். ஆகவே பத்திரம் எழுதும்போதே அந்த நிபந்தனையைத் தெளிவாகச் சேர்ப்பது நல்லது. முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு. நம் அன்பியக் கூட்டங்களில் இவற்றை ஒருமுறையாவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஏன் வெளியே வருவதில்லை?

'வரச் சொன்னாலும் அவங்களே வர மாட்டேங்கிறாங்க' என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அதுவும் உண்மைதான். ஆனால் ஏன் என்று பொறுமையாகக் கேட்டால், சொல்லக் கூசும் காரணங்கள் வெளிவரும்.

முதலாவது, சிறுநீர். சர்க்கரை நோயாலும் வயதாலும் அடிக்கடி போக வேண்டியிருக்கும், அடக்க முடியாது. ஒரு மணி நேரத் திருப்பலியில் நடுவே எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்ற பயம். பேருந்துப் பயணம் என்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருப்பவர்கள் உண்டு. இதனால் மயக்கம் வருகிறது. பிறகு பயணமே வேண்டாம் என்றாகிறது. ஆலய வளாகத்தில் முதியவர் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, அதாவது உட்காரும் வசதியும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் உள்ள ஒன்று, இருக்கிறதா? பீடத்தை அழகுபடுத்தும் அளவுக்கு இதையும் நாம் நினைக்க வேண்டும்.

இரண்டாவது, விழுந்துவிடுவோமோ என்ற பயம். இது வெறும் பயம் அல்ல. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டில் ஒருமுறையாவது விழுகிறார் என்று உலக அளவிலான ஆய்வுகள் கூறுகின்றன. இடுப்பு எலும்பு முறிந்து, அதன்பின் எழாமலே போனவர்களை நாமும் அறிவோம். ஆனால் அதே மருத்துவம் இன்னொன்றையும் சொல்கிறது. நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் கால் தசைகள் வலுவிழக்கும். வலுவிழந்த கால் இன்னும் எளிதாகத் தடுமாறும். விழக்கூடாது என்று உட்காரவைப்பதே ஒருநாள் விழுவதற்குக் காரணமாகிவிடுகிறது. எனவே தேவைப்படுவது தடை அல்ல. ஒரு கைத்தடி, படியோரம் ஒரு கைப்பிடி, கூட நடக்க ஓர் ஆள்.

மூன்றாவது, கண்ணும் காதும். கண்புரை வந்தவருக்குப் படியின் விளிம்பு தெரியாது. அதற்கு மருந்து நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். இளம் வயதிலேயே வந்த மூட்டுவாத நோயால் அவருடைய விரல்கள் முறுக்கிக் கிடந்தன. அந்தக் கைகளாலேயே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். ஓய்வுக்காலத்தில் ஒருவர் வெளியே வந்ததால் எத்தனை முதியவர்கள் மறுபடியும் வெளியே வர முடிந்தது! அவர் பிறந்த நாள் அக்டோபர் 1. பின்னாளில் ஐக்கிய நாடுகள் அவை முதியோர் தினமாக அறிவித்ததும் அதே நாளைத்தான்.

இதே அக்டோபர் 1 அன்று, 1999-இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முதியோருக்கென்று ஒரு மடல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 79. தாமும் ஒரு முதியவர் என்ற நிலையிலிருந்தே அதை எழுதினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2004 ஆகஸ்டில், நடக்க இயலாத நிலையிலும் அவர் லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றார். அதுவே அவருடைய கடைசி வெளிநாட்டுப் பயணம். திருத்தந்தை பிரான்சிஸ் நுரையீரல் அழற்சியிலிருந்து மீண்டு வந்தபோது, நன்றாக ஓய்வெடுக்கும்படி மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆயினும் 2025 ஏப்ரல் 20, உயிர்ப்புப் பெருவிழா அன்று, திறந்த வண்டியில் மக்கள் நடுவே வலம் வந்தார். மறுநாள் இறைவனடி சேர்ந்தார். கடைசி நாளிலும் தம் மக்களின் முகம் பார்க்க வேண்டும் என்ற அந்த ஆசை, நம் வீட்டுத் தாத்தாவுக்கும் இருக்காதா?

நம் பகுதி மக்களுக்கு வேளாங்கண்ணி, ஓரியூர், இடைக்காட்டூர் என்று திருப்பயணத் தலங்கள் எத்தனையோ. வேன் பிடிக்கும்போது, 'பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா நமக்குத்தான் சிரமம்' என்று சொல்லி, வீட்டைப் பார்த்துக்கொள்ள அவர்களை விட்டுவிட்டுப் போகிறோம். வேளாங்கண்ணி வரை முடியாது என்றால் இடைக்காட்டூருக்குப் போகலாமே. 1894-இல் கட்டப்பட்ட அந்தத் திரு இருதய ஆலயத்துக்குக் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். அதுவும் முடியாதென்றால், ஒரு மாலைப்பொழுது ஆட்டோவில் ஏற்றி, பழைய தோழி வீட்டு வாசலில் இறக்கிவிடுவதுகூடத் திருப்பயணம்தான்.

மறைக்கப்படும் மரணங்கள்

வெளியே போவதைத் தடுப்பதன் மிக வேதனையான வடிவம் ஒன்று உண்டு. கூடப் பிறந்த தங்கை இறந்துவிட்டார். 'அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க' என்று முடிவு செய்கிறார்கள். அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துச் சொல்கிறார்கள். சில வீடுகளில் சொல்வதே இல்லை. 'தங்கச்சி ஏன் போன் பண்ண மாட்டேங்குது?' என்று அந்தத் தாய் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த வயது வரை எத்தனை சாவுகளைப் பார்த்தவர் அவர்! பெற்றோரை, கணவரை, சில வேளை பெற்ற பிள்ளையையே மண்ணுக்குக் கொடுத்தவர். அவருக்குத் துக்கத்தைத் தாங்கத் தெரியாதா? தாங்க முடியாமல் போவது, கூட அழ ஆள் இல்லாதபோதுதான். முகத்தைக் கடைசியாகப் பார்த்து, ஒரு பிடி மண் போட்டு, நாலு பேரோடு உட்கார்ந்து அழும் உரிமையை அவரிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல்நிலை இடம் தராவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, உண்மையைச் சொல்லி, இறந்தவருக்காக ஒன்றாகச் செபிப்போம். நினைவு மறதி நோய் உள்ளவர்களிடம் சொல்லும் விதம் வேறாக இருக்கலாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்வோம். ஆனால் நல்ல நினைவோடு இருப்பவரை ஏமாற்ற வேண்டாம்.

நம் மக்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வேறு எதற்கும் வெளியே வராத பெரியவர்கள்கூட அன்று வந்துவிடுவார்கள். பூ, மெழுகுதிரி, ஊதுபத்தியோடு கணவரின் கல்லறை அருகே உட்கார்ந்து மெதுவாக ஏதோ பேசுவார்கள். அந்த ஒரு நாளில் வெளியே போவதும், இழந்தவரை நினைப்பதும், உறவுகளைச் சந்திப்பதும் ஒன்றாகவே நடந்துவிடுகின்றன. கூட்டத்தில் முடியாது என்றால் மறுநாள் அழைத்துச் செல்லலாம். நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளிலும் கல்லறைக்குச் சென்று இறந்தோருக்காகச் செபிக்கலாம். திருச்சபை அந்த நாள்களுக்குச் சிறப்புப் பலனும் கொடுத்திருக்கிறது.

பர்சில்லாய் என்ற முதியவர்

சாமுவேல் இரண்டாம் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் பர்சில்லாய் என்ற முதியவரைச் சந்திக்கிறோம். அவருக்கு வயது 80. மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீது அரசருக்கு உணவு கொடுத்து ஆதரித்தவர். போர் முடிந்து அரசர் திரும்பும்போது, நன்றிக் கடனாக, எருசலேமுக்கு வந்து தம்மோடு தங்கும்படி அழைக்கிறார். பர்சில்லாய் மறுத்துவிடுகிறார். உணவின் சுவையும் பாடகரின் குரலும் இனி தமக்கு விளங்காது என்றும், தம் தாய் தந்தையரின் கல்லறை இருக்கும் சொந்த ஊரிலேயே இறக்க விரும்புவதாகவும் சொல்கிறார். ஆனால் அவர் வீட்டிலேயே இருந்துவிடவில்லை. அரசரை வழியனுப்ப யோர்தான் ஆறு வரை வருகிறார். தமக்குப் பதிலாக இளைஞன் கிம்காமை அனுப்பிவைக்கிறார். தாவீதும் வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு, ஆசி கூறி, அவர் விரும்பியபடி ஊருக்கு அனுப்புகிறார்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. தாவீது முதலில் கேட்டார். முதியவர் தம் விருப்பத்தைச் சொன்னார். அரசராக இருந்தும் அவர் அதை மதித்தார். 'அப்பா, சென்னைக்கு வாங்க, பிளாட்ல எல்லா வசதியும் இருக்கு' என்று அழைக்கும் மகனும், 'வெளியே போக வேண்டாம்' என்று தடுக்கும் மகளும் செய்ய வேண்டியது ஒன்றே: முதலில் அவர்களிடம் கேட்பது. போக விரும்பினால் கூடப் போவது. வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. முடிவை அவர்கள் எடுக்கட்டும்; பாதுகாப்பை நாம் பார்த்துக்கொள்வோம்.

நம் மறைமாநில வரலாற்றிலும் இதை நினைவூட்டும் ஒருவர் உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் தெ நொபிலி அடிகளார், முதிய வயதில் பார்வை மங்கிய நிலையில், தாம் நேசித்த மதுரையை விட்டு யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் செல்ல வேண்டியதாயிற்று. 1656-இல் மயிலாப்பூரில் காலமானார். இறுதிக் காலத்தில் சொந்த மண்ணை விட்டுப் பிரிவதன் வலியை மதுரைத் திருச்சபை தன் தொடக்கத்திலேயே அறிந்திருக்கிறது.

திருச்சபை தரும் சலுகைகள்

முதியோர் தேவையில்லாமல் தங்களை வருத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் திருச்சபை சில வழிகளைத் தந்திருக்கிறது. பலருக்கு இவை தெரியாததால் விளக்குவது நல்லது.

ஒருசந்தி: 59 வயது நிறைந்தவர்களுக்கு ஒருசந்திக் கடமை இல்லை. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பெரிய வெள்ளியன்று பட்டினி கிடந்து மயங்கி விழுவது பக்தி ஆகாது. சுத்தபோசனத்திலும் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு.

நற்கருணை: திருவிருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு உண்ணாதிருக்க வேண்டும் என்ற சட்டம், முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் தடையாக இருக்காது. சாப்பிட்டுவிட்டோமே என்று நற்கருணை வாங்காமல் இருக்க வேண்டாம்.

நோயில்பூசுதல்: நம் பெரியவர்கள் இதை 'அவஸ்தைப் பூசுதல்' என்று சொல்லிப் பழகியதால், சாமியார் எண்ணெயோடு வந்தாலே சாவு வந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருச்சபை இதைத் தெளிவுபடுத்தியது. இது சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டுமானதல்ல. முதுமையால் மிகவும் தளர்ந்தவர்களும் பெறலாம். நிலைமை மோசமானால் மீண்டும் பெறலாம். நினைவு தப்பும்வரை காத்திராமல், தெளிந்த மனதோடு இருக்கும்போதே எங்களை அழையுங்கள்.

ஞாயிறு திருப்பலி: நோயால் வர முடியாதவருக்கு ஞாயிறு கடன் இல்லை. அவர் தொலைக்காட்சித் திருப்பலியைப் பார்த்துச் செபிக்கலாம். 2020-இல் கொரோனா காலத்தில் அதுவே பெரும் ஆறுதலாக இருந்தது. ஆனால் வர முடிந்தவரைத் தொலைக்காட்சி முன்னே உட்காரவைத்துவிடக் கூடாது. ஆலயத்தில் அவருக்குக் கிடைப்பது திருப்பலி மட்டுமல்ல. 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கும் பத்துப் பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டிகள், முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தினார். இயேசுவின் தாத்தா பாட்டியாக நாம் வணங்கும் புனித சுவக்கீன், அன்னாவின் திருநாளையொட்டி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது கொண்டாடப்படுகிறது. சால்வை போட்டு, புகைப்படம் எடுத்து, மதிய உணவோடு அந்த நாளை முடித்துவிடுவது எளிது. அதற்குப் பதிலாகச் சிலவற்றைத் தொடங்கலாம்.

ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் வெளியே வராத முதியவர்கள் யார் யார் என்று கணக்கெடுக்கட்டும். வண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பம், மாதத்தில் ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்து வரட்டும். இளைஞர் இயக்கத்தினர் திருப்பலி முடிந்தபின் சாலையைக் கடக்க உதவட்டும். ஆலயத்தின் பக்கவாசல் ஒன்றுக்குக் கைப்பிடியும் சாய்தளமும் வைப்போம். ஒலிபெருக்கியின் எதிரொலியைச் சரிசெய்வோம். மறையுரை காதில் விழாத முதியவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். முழந்தாள்படியிட முடியாதவர் உட்கார்ந்தே செபிக்கட்டும்; யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேலை, குழந்தைகள், கடன் என்று நீங்கள் படும் பாட்டை நாம் அறிவோம். குறிப்பாக, படுக்கையில் இருக்கும் மாமியாரை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் மருமகள்கள் செய்வது பெரிய தொண்டு. உங்களுக்கும் ஒரு மாலைப்பொழுது வெளியே போக வழி வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் வந்து உட்கார அன்பியத்தில் ஒருவர் கிடைக்க மாட்டாரா?

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது' என்று சொல்லி உங்கள் ஆசைகளை விழுங்கிவிடாதீர்கள். எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீட்டிய கையைப் பிடித்துக்கொள்வதில் தாழ்ச்சி இல்லை. முதுமையில் வேறொருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்வார் என்று நம் ஆண்டவர் பேதுருவிடமே சொல்லியிருக்கிறார்.

இந்த வாரம் நம் வீட்டில் இருக்கும் பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "எங்கயாவது போய்ட்டு வரணும்னு இருக்கா?" பதிலை முழுமையாகக் கேட்டு, முடிந்த நாளில் கூட்டிச் செல்வோம். இறைவன் நம் இல்லங்களையும், அங்கே மூத்தவர்களாய் இருக்கும் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.